மணிவிழா வாட்ச்: விலைக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி

அறுபது, எழுபது, எண்பது என்று பெற்றோருக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் பரிசளிப்பது பெருகிவருகிறது. லட்சங்களைச் செலவிடும் பிள்ளைகள் கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

அறுபது வயது நிறைவுக்குத் திருக்கடையூர் போகிற குடும்பங்களில் பரிசுப் பட்டியல் நீண்டகாலமாக மாறாமல் இருந்தது. பட்டுவேட்டி, பட்டுப்புடவை, மோதிரம், சங்கிலி, வெள்ளிச் சொம்பு. இப்போது அந்தப் பட்டியலில் உயர்ரகக் கைக்கடிகாரமும் சேர்ந்திருக்கிறது. வாட்ச் நம் வீடுகளுக்குப் புதிய பரிசு இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கு வாட்ச், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்சும் மோதிரமும், ஓய்வுபெறும் ஊழியருக்கு அலுவலகம் சார்பில் வாட்ச் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் அது வந்துகொண்டேதான் இருந்தது. மாறியிருப்பது தொகை. வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அப்பாவின் மணிவிழாவுக்கு ஒரு லட்சம், மூன்று லட்சம், பத்து லட்சம் என்று செலவழிக்கிறார்கள். அவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் ‘எந்த கம்பெனி நல்லது?’, ‘எவ்வளவு ஆகும்?’ என்பவை. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ‘இன்னும் முப்பது வருஷம் கழித்து இதைத் திறந்து பழுதுபார்க்க ஆளும் உதிரிபாகமும் கிடைக்குமா?’ இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத வாட்ச், எத்தனை லட்சம் விலையானாலும், மணிவிழாவுக்குத் தகுந்தது அல்ல என்பதே என் வாதம்.

காரணம் எளிமையானது. சாதாரணப் பிறந்தநாளுக்கு வாங்கும் பொருள் சில வருடம் உழைத்தால் போதும். மணிவிழாப் பரிசின் கணக்கு வேறு. அறுபது வயதில் அதைக் கட்டிக்கொள்பவர் இருபது, இருபத்தைந்து வருடம் அணிவார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அது மகனுக்கோ மகளுக்கோ பேரனுக்கோ போகும் என்ற எண்ணத்தோடுதான் இவ்வளவு பணம் போடப்படுகிறது. அப்படியானால் அந்த வாட்ச் ஐம்பது வருடம் ஓட வேண்டும். ஐம்பது வருடம் பழுதே ஆகாமல் ஓடும் இயந்திரம் உலகத்தில் கிடையாது. தலைமுறை தாண்டி நிற்கும் பொருட்கள் எல்லாமே பழுதாகி, சரிசெய்யப்பட்டு, மறுபடி புழக்கத்துக்கு வந்தவைதான். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இன்னும் சமையலுக்கு உதவுகிறது என்றால், அதற்கு ஈயம் பூசித் தரும் ஆள் தெருவில் வந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். ஆக, நீடித்து உழைப்பது பொருளின் தரத்தை மட்டும் பொறுத்தது அல்ல. அதைப் பேணுகிற கைகளையும் பொறுத்தது. கைக்கடிகாரத்தில் இது இன்னும் கண்டிப்பான உண்மை.

எச்.எம்.டி. சொல்லும் பாடம்

இதற்குச் சான்று தேடி ஜெனீவா வரை போக வேண்டாம். நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா, பைலட், கஞ்சன் என்று அது வெளியிட்ட வாட்சுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்திய நடுத்தர வர்க்கத்தின் மணிக்கட்டில் இருந்தன. 2016 ஜனவரியில் அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் அந்த ஜனதாவும் பைலட்டும் நிற்கவில்லை. சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகின்றன. நின்றுபோனாலும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பழைய வாட்ச் ரிப்பேர்காரர் அதைச் சரிசெய்துவிடுகிறார். நிறுவனம் மறைந்த பிறகும் அதன் பொருள் உயிரோடிருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரே மாதிரி மெஷின் பெரும் எண்ணிக்கையில் தயாரானதால் பழைய வாட்சுகளிலிருந்து உதிரிபாகம் எடுக்க முடிகிறது. இரண்டு, அதன் அமைப்பு எளியது. மூடியைத் திறந்து, திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரமாக வெளியே எடுக்கலாம். மூன்று, அந்த வேலை தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்த விலையில் வாங்கும் வாட்சுக்கும் இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம்.

அந்த ரிப்பேர்காரர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறக்கிறார். உள்ளே ஒரு சிறு சக்கரம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. அதுதான் பேலன்ஸ் சக்கரம். அதன் நடுவில் மயிரிழை போன்ற சுருள்வில், மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. இன்றைய பெரும்பாலான உயர்ரக வாட்சுகளில் இந்தத் துடிப்பு விநாடிக்கு எட்டு, மணிக்கு 28,800, நாளுக்கு ஏறத்தாழ 7 லட்சம், ஆண்டுக்கு 25 கோடிக்கு மேல். சக்கரங்களின் முனைகள் சுழல்வது செயற்கை மாணிக்கக் கற்களில். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பது இவற்றைத்தான். அந்தக் கல்லுக்கும் முனைக்கும் இடையில் ஊசிமுனையால் தொட்டு வைத்த அளவே எண்ணெய் இருக்கும். சில வருடங்களில் அது உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகும் ஓடவிட்டால் உலோகம் தேயும். அதனால்தான் இயந்திர வாட்சை ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, நீர்க்காப்பு ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. ஐம்பது வருட வாழ்வில் ஐந்து முதல் பத்து முறை இப்படிப் பிரிக்கப்பட வேண்டிய பொருளை வாங்குகிறோம் என்ற தெளிவு வாங்குபவருக்கு வேண்டும்.

எந்திரமா, குவார்ட்ஸா?

அப்படியானால் சாவி கொடுக்கும் வாட்சும் ஆட்டோமேட்டிக்கும் உயர்ந்தவை, பேட்டரி வாட்ச் தாழ்ந்தது என்று முடிவுகட்டிவிடலாமா? கடைகளில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் உண்மை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் வெளியிட்டது. நேரம் காட்டுவதில் எந்த இயந்திர வாட்சும் அதன் அருகில்கூட வர முடியவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விலையும் சரிந்தது. சுவிட்சர்லாந்தின் கைக்கடிகாரத் தொழிலில் 1970ல் சுமார் 90,000 பேர் இருந்த இடத்தில், 1980களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்து, குவார்ட்ஸை நம்பிக் களமிறங்கியது. 2002ல் அது வெளியிட்ட எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் மெஷினின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். அப்படியொரு பொறியியலைத் தாழ்ந்தது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நாம் பார்க்க வேண்டிய கோடு எந்திரத்துக்கும் குவார்ட்ஸுக்கும் நடுவில் ஓடவில்லை. திறக்கக்கூடியதற்கும் திறக்க முடியாததற்கும் நடுவில் ஓடுகிறது. ஸ்வாட்ச் நிறுவனம் 2013ல் சிஸ்டம்51 என்ற ஆட்டோமேட்டிக் வாட்சைக் கொண்டுவந்தது. 51 பாகங்கள், நடுவில் ஒரே ஒரு திருகாணி, முழுக்க இயந்திரங்களே கோத்து மூடி முத்திரையிட்ட பெட்டி. வியக்கத்தக்க கண்டுபிடிப்பு. ஆனால் பழுதானால் பிரித்துச் சரிசெய்யும் வழி அதில் வைக்கப்படவில்லை. எந்திர வாட்சாக இருந்தும் அது தலைமுறைப் பொருள் ஆகாது. மறுபக்கம், கிராண்ட் சீக்கோ 1993ல் அறிமுகப்படுத்திய 9எஃப் என்ற குவார்ட்ஸ் மெஷின் ஆண்டுக்குப் பத்து விநாடி முன்பின் என்ற அளவில் நேரம் காட்டுகிறது. பிரித்துப் பராமரிக்கும் எண்ணத்தோடே வடிவமைக்கப்பட்டது. பேட்டரி வாட்சாக இருந்தும் இது நீண்டநாள் உழைக்கத் தகுதியானது. ஆகவே கடைக்காரர் ‘ஆட்டோமேட்டிக் சார்’ என்று சொன்னதும் தலையாட்டிவிட வேண்டாம். ‘இதன் மெஷினைப் பிரித்து சர்வீஸ் செய்வீர்களா, அல்லது பழுதானால் மெஷினையே மாற்றுவீர்களா?’ என்று கேளுங்கள். மாற்றுவோம் என்பது பதிலானால், ‘அதே மெஷின் எத்தனை வருடம் கிடைக்கும்?’ என்பது அடுத்த கேள்வி.

உதிரிபாகம் யார் கையில்?

விலை ஏற ஏறப் பராமரிப்பும் எளிதாகும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. நடப்பது பல நேரம் தலைகீழ். கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் உதிரிபாகங்களை வெளி ரிப்பேர்காரர்களுக்குத் தருவதைக் குறைத்து, தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையங்களுக்கு மட்டும் என்று ஆக்கிக்கொண்டன. இதை எதிர்த்து ஐரோப்பியக் கடிகாரப் பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு 2004ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. வழக்கு ஒரு முறை அவர்களுக்குச் சாதகமாகத் திரும்பி, மறுபடி ஆணையத்துக்கே போய், கடைசியில் 2017ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் புகாரை ஆணையம் நிராகரித்தது சரியே என்றது. நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷின்கள் சிக்கலாகிவிட்டன, பயிற்சியும் கருவிகளும் இல்லாத கைகளில் போனால் கெட்டுவிடும், போலி பாகங்கள் நுழைந்துவிடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கு இதன் விளைவு ஒன்றுதான்: அந்த வாட்சின் ஆயுள் அந்த நிறுவனத்தின் மனதோடும் ஆயுளோடும் கட்டப்பட்டுவிடுகிறது.

இந்த நிலைமையில் மணிவிழாவுக்கு வாட்ச் வாங்குவோருக்கு இரண்டு பாதுகாப்பான பாதைகள் இருக்கின்றன. முதலாவது, தான் செய்த பொருளைக் கைவிடுவதில்லை என்று நடத்தையில் காட்டிய நிறுவனத்தின் வாட்ச். 1839ல் தொடங்கிய படேக் பிலிப், அந்த ஆண்டு முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் சரிசெய்து தருவதாக உறுதி சொல்கிறது. ரோலெக்ஸ், ஒமேகா, ஜெகர்-லெகூல்ட்ர் போன்ற நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து இயங்கி, பழைய மாடல்களுக்கும் சர்வீஸ் செய்துவருபவை. ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் 1945லும் ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் 1957லும் வந்தவை; இன்றும் அதே பெயர்களில், அதே குடும்பச் சாயலோடு தயாராகின்றன. இப்படி நீண்ட வரிசையாக வரும் மாடலுக்கு உதிரிபாகமும் வேலை தெரிந்தவர்களும் கிடைப்பது, ஒரு வருடம் மட்டும் வந்து மறையும் சிறப்புப் பதிப்புக்குக் கிடைப்பதைவிட எளிது. இரண்டாவது பாதை, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பொதுவான மெஷின். சுவிட்சர்லாந்தின் ஈடிஏ நிறுவனத்தின் 2824, அதே அமைப்பில் செல்லிட்டா செய்யும் எஸ்டபிள்யூ200 ஆகியவை எத்தனையோ பிராண்டுகளுக்குள் ஓடுகின்றன. இவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வாட்ச் பிரியர்கள் சிலர் இதைப் ‘பொது மெஷின்’ என்று ஒதுக்குவார்கள். ஐம்பது வருடக் கணக்குப் போடுகிறவருக்கு அந்தப் பொதுத்தன்மையே பெரிய சிறப்பு. ஒன்று முதல் இரண்டு லட்சம் பட்ஜெட்டில் இருப்பவர்களுக்கு இதுவே நான் பரிந்துரைக்கும் பாதை.

தவிர்க்க வேண்டியது இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. துணி, பை, வாசனைத் திரவியம் ஆகியவற்றில் பெயர்பெற்ற நிறுவனம் தன் பெயரை டயலில் அச்சடித்து விற்கும் வாட்சுகள் அந்த வகை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவற்றிலும் கடிகாரத் தொழிலில் ஆழமாக இறங்கிய சில நிறுவனங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் பணம் போவது பெயருக்கு. பத்து வருடம் கழித்து உதிரிபாகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார். டயலில் சுவிஸ் மேட் என்று இருப்பதை மட்டும் நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. 2017 முதல் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. அது பிறப்பிடத்துக்குச் சான்று. பிற்காலப் பராமரிப்புக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அணியப்போகும் கை யாருடையது?

பழுதுபார்க்கும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், அடுத்து வர வேண்டியது அணியப்போகும் மனிதர். பிராண்டும் விலையும் அதற்குப் பிறகுதான். ஒரு வாட்சை நாள்தோறும் கட்டினால்தான் அதைப் பேணவும் தோன்றும். பீரோவில் பூட்டி வைத்தால் எண்ணெய் உலர்வது யாருக்கும் தெரியாது. இளைஞர்களுக்கான விளம்பரத்தைப் பார்த்து அறுபது வயதுக்காரருக்கு வாங்கும்போது இந்த இடத்தில்தான் தவறு நேர்கிறது. நாற்பதைத் தாண்டினாலே கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் மங்கத் தொடங்கும். கறுப்பு டயலில் கருஞ்சாம்பல் முள், சின்னச் சின்ன உள்வட்டங்கள் என்றால் மணி பார்க்கக் கண்ணாடி தேட வேண்டும். வெளிர் டயலில் அடர்ந்த முள்ளோ, கறுப்பு டயலில் வெள்ளை முள்ளோ பளிச்சென்று தெரிய வேண்டும். டேட்ஜஸ்டின் தேதிக்கு மேல் இருக்கும் சிறு உருப்பெருக்கி லென்ஸ் 1950களில் வந்தது. சிலர் அதை அழகைக் கெடுப்பதாகச் சொல்வார்கள். அறுபது வயதுக் கண்ணுக்கு அது பெரிய உதவி. விரல் மூட்டு வலி உள்ளவருக்குத் தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் தொல்லை. அதிகம் நடமாடாதவருக்கு ஆட்டோமேட்டிக் வாட்ச் போதுமான அசைவு கிடைக்காமல் நின்றுபோகலாம். அவருக்கு நல்ல குவார்ட்ஸே பொருத்தம். வாட்சின் இரு பக்கக் கொம்புகளும் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுத்தரமான தமிழ் மணிக்கட்டுக்கு 36 முதல் 40 மில்லிமீட்டர் விட்டம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நம் ஊர் வெயிலையும் வியர்வையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதலைத் தோல் ஸ்ட்ராப் கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு அழகாக இருந்தாலும், சென்னையின் ஈரக்காற்றிலும் தூத்துக்குடியின் வெக்கையிலும் ஒரு கோடை தாண்டுவதற்குள் நாற்றமெடுத்து விறைத்துப்போகும். செயின் வைத்த எஃகு வாட்சே இங்கே நடைமுறைக்கு உகந்தது. தோல் ஸ்ட்ராப்பை விசேஷங்களுக்கு மாட்டிக்கொள்ளலாம். பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் துளிகளைத் தாங்கும் என்றுதான் பொருள். அதோடு கிணற்றிலோ கடலிலோ இறங்க முடியாது. தினமும் கட்டும் வாட்சுக்கு 100 மீட்டர் இருந்தால் கவலை இல்லை. காந்தம் இன்னொரு எதிரி. டேப்லெட் உறை, ஒலிபெருக்கி, கைபேசிக் காந்தம் பட்டு மயிரிழைச் சுருள்வில் காந்தமேறினால் வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கும். சிலிக்கானில் செய்த சுருள்வில் உள்ள மெஷின்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் வாட்சுகள் 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்குமா என்று சோதிக்கப்பட்டே வெளிவருகின்றன.

இங்கே ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல விரும்புகிறேன். அணியப்போகும் கை என்றதும் அப்பாவின் கையை மட்டுமே நினைக்கிறோம். சஷ்டியப்தபூர்த்தியே கணவரின் வயதைக் கணக்கிட்டு நடப்பது. அம்மாவுக்கு அறுபது ஆகும் நாள் பல வீடுகளில் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. கைக்கடிகாரத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. படேக் பிலிப் 1868ல் ஹங்கேரியின் கோசோவிச் சீமாட்டிக்காகச் செய்த கடிகாரம், சுவிட்சர்லாந்தின் முதல் கைக்கடிகாரம் என்று சொல்லப்படுகிறது. முதல் உலகப் போர் வரை கைக்கடிகாரம் பெண்களின் அணி என்றே கருதப்பட்டது. ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்தார்கள். போர்க்களத்தில் இரண்டு கையும் தேவைப்பட்ட பிறகுதான் ஆண்களும் மணிக்கட்டுக்கு வந்தார்கள். ஆகவே மணிவிழாவுக்கு வாட்ச் வாங்கும் பிள்ளைகள் அம்மாவின் அறுபதுக்கும் அதே அக்கறையோடு, அதே தரத்தில் வாங்க வேண்டும். கல் பதித்த நகை போன்ற, உள்ளே சாதாரண மெஷின் வைத்த ‘லேடீஸ் வாட்ச்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1917ல் லூயி கார்டியே வடிவமைத்த டேங்க் மெலிதானது. ரோமன் எண்கள் தெளிவாகத் தெரியும். நூறு வருடம் தாண்டியும் தயாரிப்பில் இருக்கிறது. அதுபோன்ற மாடல் அம்மாவின் கைக்கும் பொருந்தும், பழுதுபார்க்கும் கேள்விக்கும் நிற்கும்.

எதிர்வாதங்கள்

‘இவ்வளவு பணத்துக்குத் தங்கம் வாங்கலாமே?’ என்பது முதல் எதிர்வாதம், மிக வலுவானதும்கூட. முதலீடு என்ற கணக்கில் தங்கமே வெல்லும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. இறக்குமதி வாட்சுகளுக்கு 2018 பட்ஜெட்டில் சுங்கவரி 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலேயே இந்த வரிப்பணம் வாட்சின் மறுவிற்பனை விலையில் இல்லாமல் போகிறது. சில குறிப்பிட்ட மாடல்கள் வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றது உண்மைதான். ஆனால் 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன மறுவிற்பனைச் சந்தை அதன்பின் சரிந்து, ஊகத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். எனவே முதலீடு என்று சொல்லி வாட்ச் விற்கிறவரை நம்ப வேண்டாம். சேமிப்புக்குத் தங்கம் வாங்குங்கள். தினமும் கையில் இருந்து உழைக்கும் பொருள் வேண்டுமென்றால் வாட்ச் வாங்குங்கள். லாக்கரில் கிடக்கும் சங்கிலியால் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. கடன் வாங்கியோ சேமிப்பைக் கரைத்தோ வாட்ச் வாங்கும் நிலை இருந்தால், வாங்காமல் இருப்பதே சரி.

‘கைபேசியில் மணி தெரிகிறது, வேண்டுமானால் ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுக்கலாம், இதயத் துடிப்பாவது பார்க்கும்’ என்பது அடுத்தது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2018 முதல் ஆப்பிள் வாட்சில் ஈசிஜி எடுக்கும் வசதியும், அணிந்தவர் கீழே விழுந்தால் கண்டறியும் வசதியும் இருக்கின்றன. தனியாக வசிக்கும் பெற்றோருக்கு அது உயிர்காக்கும் கருவியாகலாம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, உடல்நிலையும் கவலைக்கிடம் என்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஆனால் அது மருத்துவக் கருவி. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டிய கருவி. இதற்கு ஆப்பிளே சான்று. 2015ல் அந்நிறுவனம் 18 காரட் தங்கத்தில் ஒரு வாட்சை வெளியிட்டது; ஆரம்ப விலை 10,000 டாலர். மூன்று ஆண்டுகளில், 2018ல் வந்த புதிய மென்பொருள் அந்தத் தங்க வாட்சுக்குக் கிடைக்கவில்லை. தங்கம் அப்படியே இருக்கிறது; உள்ளிருக்கும் கருவி காலாவதியாகிவிட்டது. பொருளின் மதிப்பு பேணும் வழியில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

‘அறுபது வயதில் எளிமைக்குத் திரும்ப வேண்டாமா? இது பகட்டு அல்லவா?’ என்று பெரியவர்களே கேட்பதுண்டு. மதிக்கத்தக்க கேள்வி. அதற்கு என் பதில், எளிமை என்பது குறைவான பொருட்களை நெடுநாள் பயன்படுத்துவது. ஐந்து வருடத்துக்கு ஒன்றாக வாங்கி எறிவதைவிட, ஒன்றை வாங்கி ஐம்பது வருடம் பேணுவது எளிமைக்கு நெருக்கமானது. பகட்டு வேண்டாம் என்பவருக்கு வழியும் இருக்கிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத அமைதியான டயல், தங்கத்துக்குப் பதில் எஃகு அல்லது டைட்டானியம், கல் பதிக்காத வடிவம். அதோடு பணம் அதிகம் இல்லையென்றால் வீட்டில் தாத்தா விட்டுச்சென்ற எச்.எம்.டி. இருக்கிறதா என்று பாருங்கள். அதை நல்ல கையில் கொடுத்து முழு சர்வீஸ் செய்து, புது ஸ்ட்ராப் மாட்டி அப்பாவின் மணிவிழாவில் கட்டிவிட்டால், இந்தக் கட்டுரையின் அளவுகோல்படி அது லட்ச ரூபாய்ப் புது வாட்சுக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

கடைக்குப் போகும்போது

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. விழாவுக்கு ஒரு வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள். பெயர்பெற்ற சில மாடல்களுக்குக் காத்திருப்போர் வரிசை உண்டு. கடைசி மாதத்தில் போனால் இருப்பதை வாங்க வேண்டியிருக்கும். அணியப்போகிறவரைக் கூடவே அழைத்துப்போவது நல்லது. திடீர்ப் பரிசின் மகிழ்ச்சி ஒரு நாள், பொருந்தாத வாட்சின் உறுத்தல் பல வருடம். அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். வாரண்டி அட்டையில் உள்ள வரிசை எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பில், அட்டை, சர்வீஸ் சீட்டுகளை ஒரே உறையில் வையுங்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்ற வரியைப் பிடிக்கிறார்கள். வருமானவரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்துவிட்டது. அதன்படி சுவிஸ் வாட்சுகளுக்கான சுங்கவரி படிப்படியாகக் குறைந்துவரும். வெளிநாட்டில் வாங்கி வருவோர் விமான நிலையச் சுங்கத்தில் கணக்குக் காட்டி வரி கட்டிவிட வேண்டும். அந்த ரசீதும் நாளை பேரன் கையில் இருக்க வேண்டிய ஆவணம்.

பின்மூடியில் பெயரும் நாளும் பொறிக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். விற்கும்போது விலை குறையும் என்ற அச்சம். பொதுவாகக் குறையத்தான் செய்யும். ஆனால் விற்பதற்காக வாங்கவில்லை என்று முடிவுசெய்த பிறகு அந்த அச்சத்துக்கு இடமில்லை. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் கொடுத்த ரோலெக்ஸ் டேட்டோனாவின் பின்புறத்தில், வண்டியைக் கவனமாக ஓட்டு என்ற பொருளில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருந்தது. 2017ல் அது நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம்போனது. நம் வீட்டு வாட்ச் அப்படி ஏலம்போகாது. ஆனால் யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்ற செய்தி பொருளோடு ஒட்டியிருந்தால்தான் மூன்றாம் தலைமுறை அதைப் பேண மெனக்கெடும். பொறிப்பதற்கென்றே வாய்த்த வடிவமும் உண்டு. ஜெகர்-லெகூல்ட்ர் 1931ல் கொண்டுவந்த ரெவர்சோ, பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடிய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமல் இருக்க, டயலைப் பின்புறமாகத் திருப்பும்படி செய்யப்பட்டது. அப்படித் திருப்பினால் தெரியும் உலோகப் பரப்பில் பெயரோ நாளோ பொறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. பழுதுபார்க்கும் கைகள் இருந்தால்தான் இந்த வாதம் முழுவதும் நிற்கும். பேட்டரி மாற்றுவதோடு நின்றுவிடாமல், மெஷினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் குறைந்துவருகிறார்கள். அந்தத் தொழிலைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களே தயங்குகிறார்கள். லட்சங்களில் வாட்ச் விற்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் கடை திறந்தால் மட்டும் போதாது. சர்வீஸ் மையம் திறக்க வேண்டும், இங்குள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், தகுதியுள்ள வெளி ரிப்பேர்காரர்களுக்கு உதிரிபாகம் தர வேண்டும். இதைக் கேட்கும் வலிமை வாங்குகிறவர்களிடம்தான் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: சர்வீஸ் எங்கே நடக்கும், எத்தனை வாரம் ஆகும், இன்றைய கட்டணம் எவ்வளவு, இந்த மெஷினுக்கு எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவீர்கள்? தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். மழுப்புகிறவரிடம், டயலில் எந்தப் பெயர் இருந்தாலும், வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். பெற்றோரின் அறுபது ஆண்டு உழைப்பைக் கொண்டாட வாங்கும் பொருளுக்கு அவ்வளவு கறாராக இருப்பது நியாயமே.